உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கும் அம்மா

கேள்வி: டாக்டர், என் மகன் 29-வது வாரத்தில் பிறந்தவன். எடை 1,080 கிராம். எனக்கு பிபி ஏறி, கண் மங்கி, அவசரமாக ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அவ்வளவு சின்னக் குழந்தையை வைத்துப் பார்க்க எங்கள் ஊரில் வசதி இல்லை என்று அன்று இரவே ஆம்புலன்ஸில் வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கணவர் கூடப் போனார். நான் ஐந்தாம் நாள்தான் அவனைப் பார்த்தேன். அதுவரை நான் எடுத்துக் கொடுத்த பாலை அவர்தான் தினமும் பஸ்ஸில் கொண்டுபோனார். மொத்தம் 46 நாள் என்ஐசியூ என்கிற பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில். இப்போது அவனுக்கு நாலு வயது ஆகப்போகிறது. ஓடுகிறான், வாயாடுகிறான், ஒரு குறையும் இல்லை. குறை எனக்குத்தான். மைக்ரோவேவ் ‘பீப்’ அடித்தால் கை நடுங்குகிறது. சானிடைசர் வாசனைக்கு வயிற்றைப் பிரட்டுகிறது. முதல் நாள் அவர் போனில் எடுத்த போட்டோவை இன்றுவரை திறந்து பார்க்க முடியவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அவன் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பேன். காலை இழுத்துக்கொண்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். பல நாட்கள் ஞாபகமே இல்லை. சில நிமிடங்கள் மட்டும் நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. “அதான் பிள்ளை நல்லா இருக்கானே, இன்னும் என்ன?” என்கிறார் மாமியார். கணவரோ அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். ஜூனில் எல்கேஜி சேர்க்க வேண்டும், நினைத்தாலே பயமாக இருக்கிறது. நான் பக்கத்தில் இல்லாத அந்த நாலு நாள் அவனுக்கு ஞாபகம் இருக்குமா? எனக்கு என்ன, மனநோயா?

— பெயர் வெளியிட விரும்பாத டெல்டா மாவட்ட வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் உள்ளங்காலில் வந்து நின்றுவிட்டேன். ஏதோ வினோதமான பழக்கம் ஒட்டிக்கொண்டது போல அதை எழுதியிருக்கிறீர்கள். வினோதம் ஒன்றுமில்லை. என்ஐசியூவில் நீங்கள் பார்த்துப் பழகிய வேலை அது.

29 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு நுரையீரல் மட்டுமல்ல, ‘மூச்சு விடு’ என்று உத்தரவு போடும் மூளைப் பகுதியும் பிஞ்சுதான். நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும், திடீரென்று மூச்சு விட மறந்துவிடும். 20 விநாடிக்கு மேல் மூச்சு நின்றாலோ, அதற்கு முன்பே இதயத்துடிப்பு இறங்கி நிறம் மாறினாலோ அதை ‘ஆப்னியா’ என்போம். அப்போது நர்ஸ் செய்கிற முதல் வேலை மருந்தோ மெஷினோ அல்ல. குழந்தையின் உள்ளங்காலை விரலால் லேசாகச் சுண்டுவார், அல்லது முதுகைத் தேய்த்து விடுவார். பெரும்பாலும் அதுவே போதும். குழந்தை காலை வெடுக்கென்று இழுக்கும், முகத்தைச் சுளிக்கும், மூச்சு வந்துவிடும். 46 நாளில் இதை எத்தனை தடவை பார்த்திருப்பீர்களோ. கால் அசைந்தால் உயிர் இருக்கிறது என்று உங்கள் உடம்பு ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொண்டது. நாலு வருஷமாக ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் கணக்கைத்தான் சரிபார்க்கிறது.

இந்த மூச்சு நிறுத்தத்துக்குக் குழந்தை டாக்டர்கள் நாங்கள் கொடுக்கிற மருந்து கஃபீன். காபியில் இருக்கிறதே, அதேதான். ஒருமுறை ஒரு அப்பாவிடம் இதை விளக்கியபோது, “அப்ப நம்ம வீட்டு டிகாக்‌ஷன் கொஞ்சம் கொண்டுவரட்டுமா சார்?” என்று உண்மையாகவே கேட்டார். அந்த வாரத்தில் நாங்கள் இருவரும் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

இங்கே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்த மூச்சு நிறுத்தம் ஒரு பருவத்துக்கு உரியது என்பது. மூளை முதிர முதிர விலகிவிடும். கர்ப்பக் கணக்கில் 36, 37 வாரம் வரும்போது பெரும்பாலான குழந்தைகளுக்கு நின்றுவிடும். மிகவும் முன்னதாகப் பிறந்த சிலருக்குக் குறித்த பிரசவத் தேதியைத் தாண்டியும் சில வாரம் இழுக்கும். உங்களை வீட்டுக்கு அனுப்பும் முன் அது நின்று சில நாள் ஆகிவிட்டதா என்று பார்த்துத்தான் அனுப்பியிருப்பார்கள். நாலு வயதில் அந்தப் பிரச்சினை கிடையாது. இப்போது அவன் காலை இழுப்பது கூச்சத்தில்தான். பாவம், பிள்ளை தூங்கட்டும்.

சரி, மைக்ரோவேவ் ‘பீப்’பில் உங்களுக்குக் கேட்கும் அந்த என்ஐசியூ அலாரத்துக்கு வருவோம். பாதத்தில் ஒரு பட்டை சுற்றி, சிவப்பு வெளிச்சம் மினுமினுக்குமே, அது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி. குழந்தை காலை உதைத்தால் போதும், அதற்குக் கணக்குத் தப்பிவிடும். உடனே கூவும். பட்டை நழுவினால் கூவும். இன்னொரு விஷயம் பல பெற்றோருக்குச் சொல்லப்படுவதே இல்லை. ஆக்சிஜன் வைத்திருக்கும் குறைமாதக் குழந்தைக்கு அந்த எண் சுமார் 90-லிருந்து 95-க்குள் நிற்க வேண்டும் என்று வைத்திருப்போம். அதற்கு மேலே போனாலும் அலாரம் அடிக்கும். ஆக்சிஜன் அதிகமானால் விழித்திரையின் ரத்தக்குழாய்கள் கெட்டுப்போகலாம் என்பதற்காக. ஆக, நீங்கள் நெஞ்சு பதறிக் கேட்ட சத்தங்களில் ஒரு பங்கு, “குழந்தைக்கு ஆக்சிஜன் தேவைக்கு மேல் போகிறது, கொஞ்சம் குறையுங்கள்” என்று சொன்ன சத்தம். ஒரு பங்கு, உதைத்து விளையாடிய காலின் சத்தம். நர்ஸ் பதறாமல் வந்து ஒரு பட்டனை அமுக்கிவிட்டுப் போவதைப் பார்த்து, “இந்த அம்மாவுக்கு ஈரமே இல்லையா?” என்று பல தாய்மார்கள் நினைத்திருக்கிறார்கள். அவர் மெஷினைப் பார்க்கும் முன்பே குழந்தையின் நிறத்தைப் பார்த்திருப்பார். அந்தப் பார்வை அரை விநாடிதான், நமக்குத் தெரியாது.

இதைத் தெரிந்துகொண்டால் கை நடுக்கம் நாளைக்கே நிற்கும் என்று சொல்ல மாட்டேன். நடுக்கம் அறிவைக் கேட்டு வருவதில்லை. ஆனால் சத்தத்துக்கு ஒரு பொருள் கிடைத்தால் அது வெறும் பேயாக இருக்காது.

‘பல நாட்கள் ஞாபகமே இல்லை, சில நிமிடங்கள் நேற்று நடந்த மாதிரி’ என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் உண்டு. முதல் சில நாட்களில் நீங்களே ஆபத்தான நோயாளி. பிபி ஏறிக் கண் மங்கியது என்றால், வலிப்பு வந்துவிடாமல் இருக்க மெக்னீசியம் சல்பேட் கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம். உடம்பெல்லாம் சூடு பரவும், சோர்ந்து மயங்கின மாதிரி கிடப்பீர்கள். அதோடு ஆபரேஷன் மயக்கம், வலி மருந்து, பால் கட்டிய மார்பு, தூக்கமின்மை. அந்த நாட்கள் பதிவாகவே இல்லாமல் போயிருக்கலாம். அதைத் தேடி மனத்தைக் குடைய வேண்டாம். இல்லாததை எங்கே போய்த் தேடுவது?

மற்றது பயத்தின் வேலை. உயிர்ப் பயம் வரும்போது மூளை நிதானமாக வரிசைப்படுத்தி எழுதுவதில்லை. சத்தம், வாசனை, ஒரு முகம், ஒரு வார்த்தை என்று துண்டு துண்டாக ஆழமாகக் கீறிவிடும். கல்யாண ஆல்பத்தில் முகூர்த்தக்கால் நடுவதில் தொடங்கி மறுவீடு வரை வரிசையாக இருக்கும். எந்தப் படத்தைப் பார்த்தாலும் அதற்கு அடுத்தது என்ன, கடைசியில் என்ன ஆயிற்று என்று தெரியும். என்ஐசியூ ஞாபகம் அப்படியல்ல. பிஸ்கட் டப்பாவில் அள்ளிப் போட்ட போட்டோக்கள். தேதி இல்லை, வரிசை இல்லை. மூடி லேசாகத் திறந்தால் எது மேலே வரும் என்று சொல்ல முடியாது. வருகிற படத்துக்கு முன்னும் பின்னும் இல்லாததால் அது ‘அன்று’ நடந்ததாகத் தெரியாது, ‘இப்போது’ நடப்பதாகவே உடம்புக்குத் தோன்றும். சானிடைசர் வாசனை அந்த மூடியைத் திறக்கிறது, அவ்வளவுதான். கொரோனாவுக்குப் பிறகு அது கடைவாசல் தோறும் வந்துவிட்டது உங்கள் துரதிர்ஷ்டம்.

நான் செய்த ஒரு தப்பையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன், இருமலுக்காக ஆறு வயதுப் பையனை அழைத்துக்கொண்டு ஒரு அம்மா வந்தார். பிறந்தபோது என் என்ஐசியூவில்தான் அவன் 50 நாளுக்கு மேல் இருந்தான். மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. “டாக்டர், அன்னிக்கு ரவுண்ட்ஸ் வந்தப்ப, ‘இன்னிக்கு ஓகே, நாளைக்குத் தெரியாது’ன்னு சொல்லிட்டு அடுத்த பெட்டிக்குப் போயிட்டீங்க. உங்க சட்டைப் பையில ரெண்டு பேனா இருந்துச்சு. அந்த ராத்திரி நான் தூங்கவே இல்லை” என்றார். எனக்கு அப்படிச் சொன்னதாக ஞாபகமே இல்லை. அந்த வாரம் அந்த வாக்கியத்தை நாலைந்து பேரிடமாவது சொல்லியிருப்பேன். எனக்கு அது கைகழுவுவதற்கு இடையில் வந்த பேச்சு. அவருக்கு ஆறு வருஷம், பேனா எண்ணிக்கையோடு. மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து ரவுண்ட்ஸில் நின்றுகொண்டே கெட்ட செய்தி சொல்வதை விட்டுவிட்டேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் பேசுவது. உங்கள் ‘சில நிமிடங்களில்’ இப்படி எங்களில் யாராவது உதிர்த்துவிட்டுப் போன வார்த்தை ஒன்று இருக்கும் என்றே நினைக்கிறேன். அது சொன்னவரின் அவசரம். உங்கள் மகனைப் பற்றிய தீர்ப்பு அல்ல.

இனி, நீங்கள் கேட்காமல் கடிதத்துக்கு அடியில் மறைத்து வைத்திருக்கும் கேள்வி: ‘நான் என்ன தப்புப் பண்ணினேன்?’ இதைக் கேட்காத குறைமாதக் குழந்தையின் தாயை நான் பார்த்ததில்லை. ஸ்கூட்டியில் போனது, மாடிப்படி ஏறியது, கிரகணத்தன்று வெளியே வந்தது, பப்பாளி, அன்னாசி என்று பட்டியல் நீளும். சொந்தக்காரர்கள் வேறு ஆளுக்கொன்று சேர்ப்பார்கள். உங்களுக்கு வந்ததற்குப் பெயர் ப்ரீஎக்ளாம்ப்சியா. நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களிலேயே சரியாக அகலாமல் போவதில் அது தொடங்குகிறது. வளைகாப்புக்கு வெகு முன்பே, உங்களுக்கு எந்தத் தொந்தரவும் தெரியாத காலத்திலேயே. அதைத் தீர்க்க ஒரே வழி பிரசவம்தான். 29 வாரத்தில் எடுத்தது உங்கள் இருவர் உயிரையும் காப்பாற்ற. இதில் நீங்கள் செய்தது, செய்யாதது என்று எதுவும் இல்லை.

‘ஏழு மாசம் தங்கும், எட்டு மாசம்தான் தங்காது’ என்று யாராவது ஆறுதல் சொல்லியிருப்பார்கள். பழைய கிரேக்க மருத்துவ நூல்களில்கூட இதே நம்பிக்கை இருக்கிறது, ஆச்சரியம்தான். ஆனால் உண்மை அதுவல்ல. ஒவ்வொரு வாரம் கூடும்போதும் பிழைக்கும் வாய்ப்பு கூடத்தான் செய்கிறது. சொன்னவர்களின் மனசு நல்லது, கணக்கு தப்பு.

நாலு நாள் பிரிவு பற்றிக் கேட்டீர்கள். அவனுக்கு ஞாபகம் இருக்காது. ‘இது நடந்தது’ என்று கதையாகச் சொல்லும்படியான நினைவு பெரும்பாலோருக்கு மூன்று, மூன்றரை வயதுக்குப் பிறகுதான் தங்கும். பச்சிளம் குழந்தைக்கு வலி தெரியாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படி நம்பினார்கள். 1980-கள் வரை பிறந்த குழந்தைகளுக்குப் போதுமான மயக்க மருந்து இல்லாமலே ஆபரேஷன் நடந்திருக்கிறது. இந்தியாவிலிருந்து போன கே.ஜே.எஸ். ஆனந்த் என்ற மருத்துவர் 1987-ல் வெளியிட்ட ஆய்வுகள்தான் அதை மாற்றின. அதனால்தான் குதிகாலில் ஊசி குத்தும் முன் நாக்கில் இரண்டு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரோ தாய்ப்பாலோ விடுகிறோம். உங்கள் கணவர் பஸ்ஸில் கொண்டுபோன பாலில் சில சொட்டுகள் அந்த வேலையையும் செய்திருக்கலாம். அப்படிப் பார்த்தால் அந்த நாலு நாளும் நீங்கள் அங்கே முழுக்க இல்லாமல் இல்லை.

பிறந்த முதல் மணி நேரத்தில் ஒட்டாவிட்டால் பாசம் ஒட்டாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். பசை டப்பாவா அது? தாய்க்கும் பிள்ளைக்கும் பிணைப்பு மாதக்கணக்கில், ஆயிரம் தடவை அழுது ஆயிரம் தடவை தூக்கியதில் வளர்வது. நாலு நாள் அதைக் கெடுக்காது.

ஒன்றைக் கவனித்தேன். கடிதத்தில் அலாரம் இருக்கிறது, வாசனை இருக்கிறது, போட்டோ இருக்கிறது. அவனை முதல்முதலாக நெஞ்சில் போட்டுக்கொண்டது இல்லை. கங்காரு முறை என்று சொல்லி, சட்டையைக் கழற்றி, டயபரும் குல்லாவும் மட்டும் போட்ட குழந்தையை உங்கள் மார்பின் மேல் தவளை மாதிரிக் கிடத்திக் கட்டியிருப்பார்களே? இது 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் என்ற சூட்டுப் பெட்டியின் பற்றாக்குறையைச் சமாளிக்க ஆரம்பித்தது. ஏழைகளின் மாற்று என்று முதலில் ஏளனமாகப் பார்க்கப்பட்டது. பிறகு இந்தியாவிலும் ஆப்பிரிக்க நாடுகளிலும் நடந்த ஒரு பெரிய ஆய்வில், பிறந்த உடனேயே இதைத் தொடங்கினால் இறப்பு கால்வாசி குறைகிறது என்று 2021-ல் தெரியவந்தது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் குறைமாத, எடை குறைந்த எல்லாக் குழந்தைகளுக்கும், முடிந்தவரை பிறந்த உடனேயே, ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் என்று பரிந்துரைத்தது. 46 நாளில் உங்களுக்கும் அந்த வாய்ப்பு கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். அந்தச் சூடு, தாடைக்கு அடியில் இருந்த அந்த உச்சந்தலை, உங்கள் ஞாபக டப்பாவில் எங்கோ அடியில் கிடக்கும். பயத்தின் படங்கள்தான் எப்போதும் மேலேயே கிடக்கின்றன.

அதனால் முதல் யோசனை, டப்பாவை நீங்களே ஒரு பகல் நேரத்தில் திறப்பது. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுங்கள். தொலைந்திருந்தால் அந்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் நகல் கேளுங்கள், கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒரு நோட்டு வாங்கி, ஒரு நாளுக்கு ஒரு தாளாக 46 தாள். ஒரு பக்கத்தில் சம்மரி சொல்வது: எத்தனையாவது நாள் மூச்சுக் குழாய் எடுத்தார்கள், எப்போது 2 மில்லி பால் 5 மில்லி ஆனது, எப்போது மூக்குக் குழாய் போய் பாலாடையில் குடித்தான், எடை எப்போது 1,500 கிராமைத் தாண்டியது. எதிர்ப் பக்கத்தில் உங்களுக்கு ஞாபகம் இருப்பது. ஒன்றும் இல்லை என்றால் காலியாக விடுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று தாள் போதும், அதுவும் ராத்திரியில் வேண்டாம். சில வெளிநாட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளிக்காக நர்ஸ்களே இப்படி டைரி எழுதிக் கொடுப்பார்கள். நம் ஊரில் ஒரு நர்ஸுக்கு இத்தனை குழந்தை என்று இருக்கும்போது அதை எதிர்பார்க்க முடியாது, நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த போட்டோ கடைசியில். முதல் நாளின் படம்தான், ஆனாலும் 46-வது தாள் எழுதி முடித்த பிறகு பாருங்கள். பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே பார்க்கலாம்.

எழுதும்போது மூச்சு முட்டினாலோ, அன்றிரவு தூக்கம் மொத்தமாகப் போனாலோ மூடிவிடுங்கள். அப்படியானால் இது தனியாகச் செய்ய வேண்டிய வேலை இல்லை.

‘மனநோயா?’ என்று கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். நான் குழந்தை டாக்டர், அதுவும் கடிதத்தை வைத்து நோய் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது, அதாவது கேட்காமலே திரும்பி வரும் காட்சி, அதைத் தொடுகிற எதையும் தவிர்ப்பது, எப்போதும் காவல் காக்கும் உடம்பு, தன் மேலேயே பழி, இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் மனநல மருத்துவர்கள் அதை பிடிஎஸ்டி என்பார்கள். அதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்தக் கோளாறு. போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களை வைத்துப் பேசப்பட்ட பெயர் என்பதால் தாய்மார்கள் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று நினைக்கிறார்கள். என்ஐசியூ பெற்றோரிடம் இது நன்றாக அறியப்பட்ட விஷயம். பைத்தியம் அல்ல, வலுவில்லாத மனசும் அல்ல. சிகிச்சை இருக்கிறது, பலன் தருவது. அதிர்ச்சிக்கென்றே உள்ள பேச்சு சிகிச்சை, கண்ணசைவைப் பயன்படுத்தும் இஎம்டிஆர், தேவைப்பட்டால் மாத்திரை. நாலு வருஷம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் இருப்பார். போய் உட்காரத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416-க்குப் பேசுங்கள். டெலி-மானஸ், மத்திய அரசின் சேவை, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். வாழவே வேண்டாம் போலத் தோன்றும் ஒரு நாள் வந்தால் கடிதம் எழுதிக் காத்திருக்காதீர்கள், அன்றே பேசுங்கள்.

மாமியாரின் ‘இன்னும் என்ன?’வுக்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும் என்றில்லை. பிள்ளை நல்லா இருப்பதும் உண்மை, உங்களுக்கு அடிபட்டதும் உண்மை. ஒன்று மற்றொன்றை அழிக்காது. அவரும் அந்த 46 நாள் ஏதாவது கோயிலில் வேண்டிக்கொண்டிருப்பார். என்ன வேண்டுதல் என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

கணவர் விஷயத்தில்தான் உங்களுக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறதோ என்று சந்தேகப்படுகிறேன். அவர் மறந்துவிட்டார், அதனால் எழுந்து போகிறார் என்று நினைக்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். அன்று இரவு ஆம்புலன்ஸில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். பின்னால் மனைவி பிழைப்பாளா தெரியாது, முன்னால் பிள்ளை பிழைக்குமா தெரியாது. சம்மதக் கையெழுத்துகள் எல்லாம் அவர் போட்டது. அவற்றில் ‘உயிருக்கு ஆபத்து நேரலாம்’ என்ற வரியை அவர் வாசித்திருப்பார், உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். அப்பாக்களை நாங்கள் யாரும் ‘நீங்க எப்படி இருக்கீங்க?’ என்று கேட்பதே இல்லை. ‘இந்த மருந்து வெளியில வாங்கிட்டு வாங்க’ என்பதுதான் அவர்களிடம் நாங்கள் பேசும் முக்கால்வாசிப் பேச்சு. உங்களுக்குச் சத்தமாக வருவது அவருக்கு மௌனமாக வருகிறது.

‘ஏன் பேச மாட்டேங்கிறீங்க?’ என்று கேட்டால் எழுந்துதான் போவார். சின்னதாக ஒன்றைக் கேளுங்கள். “அந்தப் பாலை எதுல வச்சுக் கொண்டுபோனீங்க?” என்று. தெர்மகோல் பெட்டியா, ஐஸ் எங்கே வாங்கினார், எந்த பஸ், ஜன்னல் சீட்டா, பெட்டியை மடியில் வைத்தாரா காலடியிலா. ஆண்கள் பயத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள், பஸ்ஸைப் பற்றிப் பேசுவார்கள். உங்கள் நோட்டில் முதல் நாலு தாளும் காலியாகத்தான் இருக்கும். அதை நிரப்பக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

எல்கேஜிக்கு வருகிறேன். 1964-லேயே கிரீன், சோல்னிட் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இதை எழுதிவிட்டார்கள். செத்துப்போய்விடும் என்று ஒருமுறை பயந்த பிள்ளையை, அது முழுசாகத் தேறிய பிறகும் பெற்றோர் உடையக்கூடிய பாத்திரம் போலவே நடத்துவார்கள். ஒரு தும்மலுக்கு மூன்று டாக்டர், மழைத் துளி படக் கூடாது, நாலு வயதிலும் ஊட்டி விடுவது, அதட்ட வாய் வராது. பிள்ளை கெட்டிக்காரன், ‘நான் ஏதோ பலவீனமானவன்’ என்பதை நம் முகத்திலிருந்தே படித்துவிடுவான். உங்கள் கடிதத்தில் இதெல்லாம் இல்லை, ஆனால் உள்ளங்கால் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்கலாம். இந்த வாரம் இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் எழுந்து போய்ப் பாருங்கள், தொட வேண்டாம். போர்வை ஏறி இறங்குவதை மட்டும் பத்து மூச்சு எண்ணிவிட்டுத் திரும்புங்கள். அடுத்த வாரம் வாசலில் நின்றே பாருங்கள். அதற்கு அடுத்த வாரம் படுத்த இடத்திலேயே காதைக் கொடுங்கள். சில நாள் தோற்பீர்கள், பரவாயில்லை.

பள்ளிக்கு அவன் நிச்சயம் போகட்டும். இரண்டு வயது வரைதான் குறைமாதத்தைக் கழித்து வயதைக் கணக்கிடுவோம், இனி அவன் வயது அவன் வயதுதான். சேர்ப்பதற்கு முன் ஒரே ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள், கண். பிறந்த சில வாரத்தில் விழித்திரையைப் பார்த்திருப்பார்கள், சம்மரியில் இருக்கும். அது சரியாக இருந்தாலும் குறைமாதக் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை, மாறுகண் வர வாய்ப்பு கூடுதல். கரும்பலகை தெரியாத பிள்ளையைக் கவனமில்லாத பிள்ளை என்று டீச்சர் நினைத்துவிடக் கூடாது. அப்புறம் ஜூன் முதல் வாரம் அவன் அழுவான். எல்லாப் பிள்ளையும் அழும். அந்த அழுகையை என்ஐசியூ அழுகையோடு சேர்த்துவிடாதீர்கள். அங்கே மூச்சுக் குழாய் இருந்த நாட்களில் அவனால் சத்தமாக அழவே முடிந்திருக்காது. தெருமுனை வரை கேட்கும்படி அழுகிறான் என்றால் நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று ஒரு டாக்டர் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. கடிதம் முழுக்க அவனுடைய எண்கள்: 29 வாரம், 1,080 கிராம், 46 நாள். உங்களுடையது ஒன்றுகூட இல்லை. கர்ப்பத்தில் இப்படி பிபி ஏறிய பெண்களுக்குப் பின்னாளில் ரத்த அழுத்தமும் இதய நோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். வருஷம் ஒரு தடவையாவது பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், முதல் செக்கப்பிலேயே நடந்ததைச் சொல்லுங்கள். 16 வாரத்துக்கு முன்பே குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கலாமா என்று உங்கள் டாக்டர் முடிவு செய்வார். பிள்ளைக்குக் கண் பார்க்கப் போகும் அன்றே, அதே ஆஸ்பத்திரியில், நீங்களும் கையை நீட்டி பிபி பார்த்துக்கொண்டு வாருங்கள். அந்த எண்ணையும் நோட்டில் எழுதுங்கள். 47-வது தாளில்.